சுமதி சொல்ல வேண்டிய ஒரு வரி

பள்ளிக்கூட வாசலில் சுமதி வாந்தி எடுத்தாள்.

மழைக்காலம். கேட்டுக்கு முன்னால் சேறாகாமல் இருக்க ஜல்லி கொட்டியிருந்தார்கள். அரைமணி நேரத்துக்கு முன்பு நான் ஊட்டிவிட்ட இட்லி அந்த ஜல்லியின் மேல் அப்படியே வந்து விழுந்தது. உள்ளே பிரேயர் மணி அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி மட்டும் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டுப் போனாள்.

ஆயா கன்னியம்மா ஒரு முறம் மண்ணோடு வந்தாள். அவள் அதைத் தயாராகவே வைத்திருந்தாள். ஏனென்றால் இது தினமும் நடப்பது.

"இன்னாம்மா இது, டெய்லி இதே பேஜாரா கீது. வவுத்துல பூச்சி இருக்கப் போவுது, டாக்டராண்ட காட்டும்மா" என்றாள்.

காட்டியாகிவிட்டது என்று சொல்லக்கூட எனக்கு நேரமில்லை. முந்தானையால் சுமதியின் வாயைத் துடைத்தேன். முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினேன். தள்ளினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பத்து மணிக்குள் நான் தாலுகா ஆபீசில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். டைப்பிஸ்ட் வேலை. மிஷின் முன்னால் உட்கார்ந்த பிறகும் என் முந்தானையில் அந்த வாடை இருக்கும்.

செங்கல்பட்டுக்கு நாங்கள் மாற்றலாகி வந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. சுமதிக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. எங்களுக்கு ஒரே பெண்.

பூச்சி மருந்து

முதலில் பூச்சி மருந்து கொடுத்தோம். பிறகு ஓமத் தண்ணீர். அதன்பின் காலையில் இட்லிக்குப் பதில் பால், பாலுக்குப் பதில் கஞ்சி. எதைக் கொடுத்தாலும் அந்த ஜல்லிக்கு வந்து சேர்ந்தது.

தசரா விடுமுறையில் பத்து நாள் அவள் ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று நான் கன்னியம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வயிறு சரியாக இருப்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்ததை ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அவ்வளவு களைப்பு எனக்கு அப்போது.

சுமதி எப்படிப்பட்டவள் என்று சொல்லிவிடுகிறேன். மனிதர்களை அவள் செருப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வாள். முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். செங்கல்பட்டு, ஒத்திவாக்கம், படாளம், கருங்குழி, மதுராந்தகம் என்று விழுப்புரம் வரைக்கும் ஸ்டேஷன் பெயர்களை ஒன்று விடாமல் சொல்லுவாள். திருப்பியும் சொல்லுவாள். ஆனால் தாகமாக இருக்கிறது என்று சொல்ல வராது. சொம்பின் பக்கத்தில் போய் நிற்பாள்.

வீட்டுக்கு யாராவது வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். கல்யாண வீடு என்றால் காதைப் பொத்திக்கொண்டு, பாவாடை ஓரத்தைக் கடித்துக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றுவாள். மேளத்துக்குப் பயம் என்று நினைத்தோம். மேளம் நின்ற பிறகும் சுற்றுவாள். சொந்தக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கன்னத்தைக் கிள்ளி, "என்னைத் தெரியுதா, நான் யாரு சொல்லு" என்று கேட்கக் கேட்க இன்னும் வேகமாகச் சுற்றுவாள். அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு வாயே திறக்க மாட்டாள்.

மதராஸில் ஒரு பெரிய டாக்டரிடம் ஒரே ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனோம். அவர் சுமதியைப் பார்த்ததைவிட அதிக நேரம் என்னைத்தான் பார்த்தார். நான் வேலைக்குப் போகிறேனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். காலையில் போய் சாயந்திரம் வருகிற அம்மாவிடம் குழந்தை எப்படி ஒட்டும் என்று கேட்டுவிட்டு, இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள், எல்லாம் சரியாகும் என்றார்.

திரும்பி வரும் ரயிலில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். என் கணவரும் ஒன்றும் பேசவில்லை. அவர் எப்போதுமே பேச மாட்டார். அந்த நாட்களில் அதுவே எனக்கு அவர்மேல் இருந்த பெரிய மனத்தாங்கல்.

அவர் பெயர் ஏகாம்பரம். செங்கல்பட்டு ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்ட்டரில் வேலை.

பெரிய டீச்சர் சொன்ன கெடு

தலைமையாசிரியையைப் பிள்ளைகள் பெரிய டீச்சர் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். மோசமான மனுஷி இல்லை. ஒரு வகுப்புக்கு அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஓட்டை விழுந்த கூரைக்கு மனு எழுதி எழுதிச் சலித்துப்போனவர்.

அவர் என்னைக் கூப்பிட்டனுப்பி நிதானமாகவே சொன்னார். சுமதி அழகாக எழுதுகிறாள், கணக்குப் போடுகிறாள். ஆனால் வருகைப்பதிவில் பேர் கூப்பிட்டால் "உள்ளேன்" என்று சொல்வதில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. பக்கத்துப் பிள்ளை இடித்தால் தன் கையையே கடித்துக்கொள்கிறாள். மற்ற பிள்ளைகளின் பெற்றோர் வந்து கேட்கிறார்கள். பொங்கலுக்குப் பிறகு இன்ஸ்பெக்‌ஷன். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பிப் பெயர் கேட்பார்.

"அன்னைக்கு எழுந்து நின்னு பேரும் அப்பா பேரும் சொல்லட்டும். சொல்லிட்டா மூணாங் கிளாஸுக்கு நானே தூக்கிப் போடறேன். இல்லேன்னா நீங்க டிசி வாங்கிக்கணும்மா. எனக்கு வேற வழியில்ல."

ஒரே ஒரு வரி. "என் பெயர் சுமதி. என் அப்பா பெயர் ஏகாம்பரம்." இதைச் சொல்ல வைக்க முடியாதா என்று எனக்குள் ஒரு வெறி வந்துவிட்டது.

மூன்று வாரம் பழக்கினேன். ஆபீஸ் விட்டு வந்ததும் காபிகூடக் குடிக்காமல் அவளைச் சுவரோரம் நிறுத்துவேன். முகத்தைப் பார்த்துச் சொல்லு என்பேன். அவள் என் தோளைப் பார்ப்பாள், காதைப் பார்ப்பாள், எனக்குப் பின்னால் இருக்கும் காலண்டரைப் பார்ப்பாள். தாடையைப் பிடித்துத் திருப்புவேன். ஒரு வாரம் கழித்து ஸ்கேலை எடுத்தேன். அடித்தேன். அதை எழுதாமல் இந்தத் தொடரை எழுதுவதில் அர்த்தமில்லை.

வரி அவளுக்கு வந்துவிட்டது. தனியாக இருக்கும்போது சுவரைப் பார்த்து, என் குரலிலேயே, நான் சொல்லிக்கொடுத்த ஏற்ற இறக்கத்தோடு சொன்னாள். இரண்டாவது வாரத்திலிருந்து எதிர்வீட்டு அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து இன்ஸ்பெக்டராக்கினேன். அந்த அம்மாவின் முன்னால் வரி வரவில்லை. மூச்சுத்தான் வேகமாக வந்தது.

அந்த வாரத்தில்தான் சுமதியின் உச்சியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முடி இல்லாததைக் கண்டேன். தலையணைக்கு அடியில் சின்னச் சின்னச் சுருளாக அவள் பிடுங்கிப்போட்ட முடி இருந்தது. நான் எண்ணெய் வைத்து, பிடுங்க முடியாதபடி இறுக்கி இரட்டைப் பின்னல் போட்டேன். அந்த இடத்தை மறைத்துக் கனகாம்பரம் வைத்தேன். வேறு எதுவும் செய்யவில்லை.

இன்ஸ்பெக்‌ஷன்

அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே, கன்னியம்மாவின் பக்கத்தில் நின்றேன்.

இன்ஸ்பெக்டர் வயதானவர். சிரித்த முகம். பிள்ளைகளிடம் அன்பாகத்தான் பேசினார். சுமதியின் முறை வந்தது. எழுந்து நின்றாள். அதுவே எனக்குப் பெரிய நம்பிக்கையாக இருந்தது.

"உன் பேர் என்னம்மா?" என்றார்.

"உன் பேர் என்னம்மா?" என்றாள் சுமதி. அவர் குரலிலேயே.

வகுப்பு முழுவதும் சிரித்தது. டீச்சர் பிரம்பால் மேஜையைத் தட்டினார். அந்தச் சத்தத்தில் சுமதியின் தோள் இரண்டும் காது வரை ஏறின. இன்ஸ்பெக்டர் அவள் அருகில் வந்து, குனிந்து, தாடையில் விரலை வைத்து முகத்தை நிமிர்த்தினார். நான் மூன்று வாரமாகச் செய்ததையேதான் அவரும் செய்தார்.

சுமதி தன் இடது மணிக்கட்டைக் கடித்தாள். எப்போதும்போல் பல் பதிகிற கடி இல்லை. விடவே இல்லை. சட்டைக் கையில் ரத்தம் இறங்கியது. அழவுமில்லை, சத்தமும் போடவில்லை. கால் வழியாக மூத்திரம் இறங்கிப் பெஞ்சுக்கு அடியில் ஓடியது. பக்கத்துப் பிள்ளைகள் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

கன்னியம்மாதான் முதலில் உள்ளே ஓடியவள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே நின்றேன்.

அன்று சாயங்காலமே டிசி என் கைக்கு வந்துவிட்டது. அதைக் கொடுக்கும்போது பெரிய டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமல்லபுரம் பஸ்

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில், பயந்த குழந்தைகளுக்கு மந்திரிக்கிற ஒரு பொம்பளை இருப்பதாகக் கன்னியம்மா சொன்னாள். அவளுடைய தங்கையை அந்தக் குப்பத்தில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்பிக்கை இல்லாத எத்தனையோ இடங்களுக்கு அதற்குள் போய் வந்துவிட்டேன். இன்னும் ஒரு இடம்.

என் கணவர் தானாகவே லீவு போட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஸ்டேஷன் வேலைக்கு அவர் லீவு போட்டு நான் பார்த்ததே இல்லை.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ். கூட்டம். சுமதி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒடுங்கிப்போய் வந்தாள். இறங்கி மணலில் வெகுதூரம் நடந்தோம்.

மந்திரிக்கிறவள் இல்லை. கன்னியம்மாவின் தங்கை மணலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள். "அது கேளம்பாக்கம் பூட்டுது. சாவு வூடு. வர்ற வரிக்கும் அப்டி நெயலுல குந்திகினு இருங்க" என்று சவுக்குத் தோப்பைக் காட்டினாள்.

நாங்கள் போய் உட்கார்ந்ததும் குப்பத்துப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். வேறு ஒன்றுமில்லை, வெளியூர்ப் பெண்ணை வேடிக்கை பார்க்கத்தான். சுமதி பாவாடை ஓரத்தை வாயில் வைத்தாள். "வணக்கம் சொல்லுடி, அவங்களோட போய் விளையாடு" என்று நான் ஆரம்பித்தேன்.

என் கணவர் குடையை விரித்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. விரித்த குடையைத் தரையில் சாய்த்து, சுமதியை அதற்குப் பின்னால் இருக்கும்படி செய்தார். அவளுக்கு இந்தப் பக்கமாகத் தானும் உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகளுக்குப் பார்க்க ஒன்றுமில்லாமல் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் போய்விட்டார்கள்.

சுமதி வாயிலிருந்து பாவாடையை எடுத்தாள். சவுக்கு முள்ளைப் பொறுக்கி வரிசையாக வைக்கத் தொடங்கினாள்.

அவர் சொன்னது

அவர் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ராஜி, இவளுக்கு வயித்துல ஒண்ணும் இல்ல. பயம்."

"என்ன பயம்? யாருங்க இவள அடிக்கிறாங்க?" என்றேன். கேட்ட பிறகுதான் ஸ்கேல் ஞாபகம் வந்தது.

"அடிக்கவே வேணாம். பார்த்தா போதும். அத்தன பேரு பார்க்கறதும், என்ன சொல்லப் போறேன்னு காத்துகினு இருக்கறதும். உனக்குச் சொன்னாப் புரியாது. நானும் ஸ்கூல் வாசல்ல வாந்தி எடுத்தவன்தான்."

ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் இடையில் நிறைய நேரம் எடுத்துக்கொண்டு அவர் சொன்னார். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் அவருக்கும் இதே கதை. அவர் அப்பா புளிய விளாரால் அடித்தார். ஒருநாள் நின்றுவிட்டது.

"நின்னுடுச்சின்னு எல்லாரும் நெனச்சாங்க. நிக்கல. வாய மூடிக்கக் கத்துக்கினேன், அவ்ளோதான்."

டிக்கெட் கவுண்ட்டர் வேலையை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டாராம். அந்தப் பொந்து வழியாகக் கைதான் உள்ளே வரும், முகம் வராது, ஊர்ப் பெயரைத் தவிர யாரும் எதுவும் பேச மாட்டார்கள் என்பதற்காக. பதவி உயர்வு வந்தபோது வேண்டாமென்று எழுதிக்கொடுத்ததும் அதனால்தான். அப்படி ஒன்று வந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

பிறகு எங்கள் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையைக் காணோம். ஒரு மணி நேரம் தேடினார்கள். பெண்ணைப் பிடிக்கவில்லையோ என்று என் அத்தைகள் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். மணையில் தனியாக உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தை நான் பத்து வருஷமாக மறக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை.

அவர் சமையல்கட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாராம். கை நடுக்கம் நிற்கட்டும் என்று.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "இத ஏங்க இத்தன வருஷமா சொல்லல? இவ வாந்தி எடுக்கும்போதாவது சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா ரெண்டு பேரையும் சேத்து மந்திரிக்கக் கூட்டினு போவேன்னு நெனச்சேன்."

சிரிக்கத்தான் அப்படிச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.  மணலிலேயே படுத்துக்கொண்டேன். வேலைக்குப் போகிற அம்மா என்று அந்த டாக்டர் சொன்னதை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். அது என் குற்றமில்லை என்று அன்று ஒரு பக்கம் ஆறுதலாக இருந்தது. ஸ்கேலை எடுத்தது என் குற்றம்தான் என்பது இன்னொரு பக்கம் இருந்தது.

மந்திரிக்கிறவள் வரவில்லை. நாங்களும் அதற்குமேல் காத்திருக்கவில்லை.

பெரிய டீச்சரின் அறையில்

இதற்கு இரண்டு நாள் கழித்து அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். தனியாக. நான் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். சொல்ல வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அங்கே நடந்ததைக் கன்னியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நின்றுகொண்டே காகிதத்தைப் படித்தாராம். தலையை நிமிர்த்தவே இல்லையாம். சுமதி மணி அடித்துப் பிள்ளைகள் உள்ளே போன பிறகு பின்பக்கக் கேட் வழியாக வரட்டும். கதவோரம் கடைசி பெஞ்சில் உட்காரட்டும். பேர் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டாம், கையைத் தூக்கட்டும். கேள்விக்குப் பலகையில் எழுதிக் காட்டட்டும். யாரும் முகத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டாம். அவ்வளவுதான் அதில் இருந்தது.

பெரிய டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டால் மற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வேன் என்று கேட்டாராம். அதற்குப் பதில் காகிதத்தில் இல்லை.

என் கணவர் காகிதத்தை மடித்தாராம். "கண்ணு சரியாத் தெரியாத பிள்ளைய முன் பெஞ்சில உக்கார வெக்கிறீங்க டீச்சர். இவள கடைசி பெஞ்சில வெய்யுங்க" என்றாராம்.

பெரிய டீச்சர் டிசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஜூனில் மூன்றாம் வகுப்புக்கே வரட்டும் என்றார். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பார்க்கலாம், அதற்குமேல் என் கையில் இல்லை என்றார். சொன்னபடி ஐந்தாம் வகுப்பு வரை வைத்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்த என் கணவர் பாயில் படுத்தார். மறுநாள் மத்தியானம்தான் எழுந்தார். காய்ச்சல் என்று ஸ்டேஷனுக்குச் சொல்லியனுப்பினேன்.

பிற்பாடு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. சுமதி ஐந்தாம் வகுப்புக்கு மேல் வீட்டிலிருந்தே படித்தாள். டைப் அடிக்கக் கற்றுக்கொண்டாள். பத்திரம் எழுதுகிற ஒருவருக்கு வெகுகாலம் வீட்டிலிருந்தே டைப் செய்து கொடுத்தாள். தப்பே இருக்காது. கல்யாண வீடுகளுக்கு நாங்கள் போவதை நிறுத்திவிட்டோம். சொந்தக்காரர்கள் முதலில் கோபித்துக்கொண்டார்கள், பிறகு அழைப்பதையும் நிறுத்தினார்கள். ஆட்டிசம் என்ற வார்த்தையை ஓர் இளம் டாக்டர் எனக்குச் சொன்னபோது சுமதிக்கு முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. அதைக் கேட்க என் கணவர் அப்போது உயிரோடு இல்லை.

ஜூன் மாதம்

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த நாள். மூன்றாம் வகுப்பு. வெறும் வயிற்றோடுதான் கூட்டிக்கொண்டு போனேன், இடைவேளைக்குக் கஞ்சி கட்டிக்கொடுத்து. மணி அடித்து, சத்தம் அடங்கிய பிறகு பின்பக்கக் கேட்டைக் கன்னியம்மா திறந்துவிட்டாள். சுமதி சுவரைத் தொட்டுக்கொண்டே உள்ளே போனாள்.

லீவு போட்டிருந்தேன். எதிரே இருந்த சைக்கிள் கடை ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்து அந்தக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நிமிஷமும் கன்னியம்மா ஓடிவருவாள் என்று இருந்தது. வரவில்லை. மத்தியானம் வரைக்கும் வரவில்லை.

பகல் மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் சுமதியை வெளியே அனுப்பினார்கள். எப்படி இருந்தது, டீச்சர் என்ன சொன்னாங்க, யாராவது இடித்தார்களா என்று கேள்விகள் என் வாய் வரைக்கும் வந்துவிட்டன. எதையும் கேட்கவில்லை.

நடந்தோம். நல்ல வெயில். அவள் எப்போதும்போல் எனக்கு முன்னால், தரையைப் பார்த்துக்கொண்டு வேகமாக நடந்தாள். கடைத்தெருத் திருப்பத்தில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்துவிட்டேன். கூப்பிடக் குரல் வரவில்லை. அவள் போய்க்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வழி தெரியும், போய்விடுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவள் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு, ஒரு கையால் என் புடவைத் தலைப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் நின்றாள்.